ஐந்தாவது ஆளுக்கு ஆறு வோல்ட்

கிளமென்ட் மறுபடி ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தான்,
காசிமேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில்,
யாரோ ஒருத்தியின் மீன்கூடைக்குப் பக்கத்தில் வைத்து.
பலகைப் பெட்டியின் ஒரு மூலை ஈரம்.

மாசியில் இதற்கு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக் கொடுத்தது நான்தான்.
மன்னார்சாமி கோயில் தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடை.
மிக்சி, கம்ப்ரசர், போட்டு டைனமோ,
இவற்றுக்கிடையில் ஒரே ஒரு கித்தார்.
செம்பு விலையைச் சொன்னதும் பேரம் பேசினான்.
நானும் கணக்காகச் சுற்றினேன்:
நாலு வால்வுக்கு ஒன்றரை ஆம்பியர்,
கம்பி ஒரு நூல்கூடத் தடிப்பில்லை.

இப்போது ஐந்தாவதாக ஒன்று வேண்டுமாம்.

"எக்கோவ முன்னாடி போட்டா
எக்கோவே கரகரங்குதுக்கா.
நடுவுல ஒரு வாசல் வையி.
சத்தம் கரகரத்து முடிச்சு வெளிய போவணும்,
பெட்டிக்குள்ள சுத்திட்டு
திரும்ப உள்ள வரணும்."
முதுகில் இரண்டு ஓட்டை போட்டே கொண்டுவந்திருந்தான்.
மார்க்கர் பேனாவில் ஒன்றின் கீழே 'போ',
மற்றதன் கீழே 'வா'.

போகவர ஒரு வால்வு.
அதற்கும் வயிறு உண்டு.

சும்மா செருகிப் பார்த்தோம்.
ஐந்தும் எரிந்தன, நைட் ஷிஃப்ட் முடிந்த கண்கள் மாதிரி.
மீட்டரில் ஐந்தே முக்கால்.
என் கைவேலை மேல் கை வைத்தேன்.
வார்னிஷ் வாசனை. சுட்டது.
நாலு இலைக்கு அளந்து வடித்த சோறு.
குழம்பில் தண்ணீர் ஊற்றலாம்,
சோற்றில் எதை ஊற்றுவது?

புதிதாய்ச் சுற்ற அவனிடம் காசில்லை.
நல்ல காயிலைப் பிரிக்க எனக்கு மனசில்லை.

பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றின் வயிற்றில்
எலுமிச்சை அளவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கிடந்தது.
ஆறு வோல்ட், அரை ஆம்பியர்.
ஐந்தாவது ஆளுக்குத் தனி அடுப்பு.
பெரியதற்குக் குறுக்காகத் திருப்பி வைத்தேன்,
முகம் பார்த்து உட்கார்ந்தால் இரண்டுக்கும் ஆகாது.
மேல் மின்சாரம் மட்டும் பொதுவில்:
முந்நூறு வோல்ட்டில் ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர்,
இருநூற்று நாற்பதாக இறங்கி வந்தது.

ஆனாலும் உறுமியது.
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரியை நிறுத்திவிட்டு
இன்ஜினை அணைக்காமல் டீ குடிக்கப் போன மாதிரி.

"எர்த் பண்ணு" என்றான் பக்கத்துக் கடை சாதிக்.
பண்ணினேன். பாதி குறைந்தது.
எதையும் தரையில் கட்டினால் அடங்கும் என்பது
மோட்டார் கடைப் பழக்கம்.
ஒன்றரை மணி நேரம் கழித்து,
சின்னச் சுருளைத் தரையிலிருந்து அவிழ்த்து
நாற்பது வோல்ட் உயரத்தில்
இரண்டு ரெசிஸ்டரின் நடுவில் கட்டினேன்.

நின்றது.
ஃபேன் சத்தம் கேட்டது.
காலையிலிருந்து சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"சரி, எக்கோ பெட்டியக் குடு."
கிளமென்ட் தன் செருப்பைப் பார்த்தான்.
ஜி.ஏ. ரோட்டில் அடகுக் கடை பெயரைச் சொன்னான்.

திங்கட்கிழமை அவன் கொடுத்த அட்வான்ஸ்
என் டிராயரில் இல்லை.
கரன்ட் பில்லாகி இரண்டு நாள்.
திருப்பித் தருகிறேன் என்று நான் சொல்லவில்லை.
அவனும் கேட்கவில்லை.

ஒரு முழ ஒயரால்
'போ'வையும் 'வா'வையும் இணைத்துவிட்டேன்.
ஒரே ஒரு கார்டு வாசித்தான்.
போன சத்தம் அப்படியே வந்தது,
எங்கேயும் போகாத மாதிரி.
"நல்லா இருக்குக்கா" என்றான்.
பாதிப் பொய்.

ஏழு மணிக்கு ஐஸ் ஃபாக்டரி ஓட ஆரம்பித்ததும்
தெரு முழுக்க வோல்டேஜ் படுத்தது.
பெரிய அடுப்பு, தனி அடுப்பு என்ற பேதம் இல்லாமல்
ஐந்தும் சேர்ந்து மங்கின.
அவன் நிறுத்தவில்லை.
நான் ஸ்டெபிலைசரைத் தேடினேன்.
அது நேற்றே
யாருடைய ஃபிரிட்ஜோடோ போய்விட்டிருந்தது.